பதினோரு கோழிக்கொண்டைச் செடிகள்

1968ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த மறு வாரம், ரோச்சோர் கால்வாய் ஓரம் கிடந்த புல்தரையைக் கொத்திப் பூச்செடி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சிங்கப்பூர் தனி நாடாகி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. தெருவெல்லாம் மரமும் பூவுமாக இருக்க வேண்டும் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. அதுவரை சாக்கடை வாரிக்கொண்டும் ரோட்டுக்குத் தார் ஊற்றிக்கொண்டும் இருந்த தமிழ்க் கூலியாட்களில் ஆறு பேரைப் பிரித்துப் பூவேலைக்கு அனுப்பினார்கள். அந்த ஆறு பேரில் வடிவேலுவும் சேதுபதியும் இருந்தார்கள்.

வடிவேலுவுக்கு ஐம்பத்திரண்டு வயது. சேதுபதிக்கு நாற்பத்தைந்து. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் வாந்தி எடுத்து எடுத்துச் சுருண்டு கிடந்த சேதுபதிக்கு வடிவேலு தன் பங்குக் கஞ்சியைக் கொடுத்தார். அன்றிலிருந்து "அண்ணே" என்று ஒட்டிக்கொண்டவர்தான் சேதுபதி. தமிழர் கடைத்தெருவான தேக்காவுக்குப் பக்கத்தில் கூலியாட்கள் குடியிருக்கும் லயனில் இருவருக்கும் அடுத்தடுத்த அறை.

1960இல் வடிவேலுவின் மனைவி பாக்கியலட்சுமி எட்டே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். மகள் மங்களத்துக்கு அப்போது பதினாறு வயது. வடிவேலு மூலையில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சேதுபதிதான் பாடையைக் கட்டினார், ஆட்களைக் கூட்டினார், மூன்றாம் நாள் அடுப்பைப் பற்ற வைத்து ரசம் வைத்து இரண்டு பேரையும் சாப்பிட வைத்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சேதுபதி சமைப்பார், மூவரும் சாப்பிடுவார்கள். மங்களத்துக்கு அவர் சித்தப்பா. அவளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை தனசேகரன் குடிப்பானா என்று நாலு இடத்தில் விசாரித்து வந்ததும் அவர்தான்.

சேதுபதியின் மனைவியும் இரண்டு பையன்களும் மாயவரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். "இன்னும் ரெண்டு வருஷம், போயிடுவேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். 1957இல், எட்டு வருஷம் இங்கே இருந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம் என்று அறிவித்தபோது, வடிவேலு காலையிலிருந்து வரிசையில் நின்று பதிந்துகொண்டார். சேதுபதியையும் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஊருக்குப் போறவனுக்கு எதுக்குண்ணே அது?" என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பத்து வருஷம் கழித்து அந்தச் சிரிப்புக்கு விலை வந்தது. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை, மற்றவர்களுக்கு நீல அட்டை என்று பிரித்தார்கள். நீல அட்டைக்காரன் வேலை செய்ய பர்மிட் வேண்டும். வேலை போனால் பர்மிட் போகும், பர்மிட் போனால் கப்பல்தான். சேதுபதியிடம் இருந்தது நீல அட்டை.

பூவேலை இருவருக்கும் பிடித்துப்போனது. நாற்றங்காலில் இருந்து லாரியில் தகர டப்பாக்களில் செடிகள் வந்து இறங்கின. முன் வரிசையில் மஞ்சள் செண்டுமல்லி, பின் வரிசையில் சிவப்புக் கோழிக்கொண்டை. வெல்வெட்டுத் துணியை மடித்து வைத்தது போல ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருபது வருஷம் சாக்கடைக்குள் நின்றபோது ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. வடிவேலுவுக்கு அது ஒரு மாதிரி கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

சேதுபதிக்கு அதற்கு மேல் ஆசை. முதலில் வாடிய பூக்களை உதிர்த்துக் கறுப்பு விதைகளைப் பொறுக்கினார். லாரிக்காரன் வேண்டாமென்று வீசிய தகர டப்பாக்களில் மண் போட்டு, லயனின் பின்பக்கம் வரிசையாக வைத்து விதைத்தார்.

"இது வாடிப் போச்சுன்னா நாற்றங்கால்லேருந்து வர்ற வரைக்கும் வெறும் மண்ணாக் கிடக்குமில்லண்ணே. நம்மகிட்ட கன்னு இருந்தா உடனே வெச்சிடலாம்."

வடிவேலு தினமும் அந்த டப்பாக்களைப் பார்த்தார். முளை விட்டதையும் பார்த்தார்.

மார்ச் நடுவில் செடிகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஒரு நாள் ஒன்று, இரண்டு நாள் விட்டு இன்னொன்று. எல்லாம் கோழிக்கொண்டை. பிடுங்கியது மாதிரி இல்லை. வேரோடு பதமாகத் தோண்டி எடுத்து, குழியை மறுபடி மண்ணால் மூடித் தட்டி வைத்திருந்தது. கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் மாணிக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "இது வெளியாள் வேலை இல்ல. செடி தெரிஞ்சவன் கை" என்றார். ஏழு, எட்டு, பத்து என்று கூடிக்கொண்டே போனது. மேலே இருந்த ஆபீசர் காரில் வந்து இறங்கி, வரிசையில் விழுந்த ஓட்டைகளை எண்ணிவிட்டு, ஒரு வாரத்துக்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தேக்காவில் மாலை கட்டுகிறவர்களுக்குக் கூலியாட்களே விற்கிறார்கள் என்று அவர் நினைத்தார்.

மங்களம் செலிகி ரோட்டில் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் குடியிருந்தாள். தனசேகரனுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் இரண்டு கரு தங்கவில்லை. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு அவள் வெளியே போவதையும் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். இப்போது மூன்றாவது. மறுபடி ஐந்தாம் மாதம். மனசு அதிரும்படி எதுவும் நடக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆபீசர் வந்து போன ஞாயிற்றுக்கிழமை வடிவேலு மகளைப் பார்க்கப் போனார். கதவைத் திறந்தவள் முகத்தில் பல மாதம் காணாத தெளிவு இருந்தது. "வாங்கப்பா, ஒண்ணு காட்டறேன்" என்று சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்குக் கூட்டிப் போனாள்.

பால்மாவு டின்களில் வரிசையாகப் பதினோரு கோழிக்கொண்டைகள் நின்றன. ஒவ்வொரு டின்னின் அடியிலும் ஆணியால் ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு. ஒரு இலைகூட வாடவில்லை.

வடிவேலு டின்களை ஒவ்வொன்றாக எண்ணினார். "எங்கேயிருந்தும்மா?"

"நீங்க வெச்சதுதாம்பா. காலையில மார்க்கெட் போயிட்டு வர்றப்ப கால்வாய்கிட்ட ஒண்ணு எடுத்தேன். கரண்டியாலதான் தோண்டினேன், வேர் அறாம. அப்பா நட்டதுதானே, ஒண்ணு எடுத்தா என்னன்னு தோணுச்சு. அது பொழச்சுக்கிச்சு. அப்புறம் இன்னொண்ணு." அவள் ஒரு பூவை விரல் நுனியால் தொட்டாள். "எதுவும் என்கிட்ட தங்க மாட்டேங்குதேன்னு இருந்தேன்பா. இதுங்க எல்லாம் தங்கிடுச்சு. பதினொண்ணும்."

திட்ட வேண்டும் என்று வந்த வார்த்தையை அவர் விழுங்கிக்கொண்டார். போலீஸ் என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் கொண்டுவர அவருக்குத் தைரியம் இல்லை. கடைசியில், தரையில் உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார்: "கணக்குக் குறையுதுன்னு மண்டோர் கேட்கறாரும்மா. நான் கொண்டுபோய் வெச்சிடறேன். உனக்கு வேற செடி வாங்கித் தர்றேன்."

மங்களம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எதாவது பிரச்சினையாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு சின்னக் கணக்கு."

அவளே ஒவ்வொன்றாக டின்னில் இருந்து மண்ணோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, மார்க்கெட் கூடையில் அடுக்கிக் கொடுத்தாள். அழவில்லை. காலி டின்களை மட்டும் எடுக்காமல் அப்படியே விட்டாள்.

மறுநாள் வெள்ளென, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், வடிவேலு பதினோரு செடிகளையும் பழைய இடத்திலேயே நட்டுத் தண்ணீர் விட்டார். எழுந்து நின்று பார்த்தபோது வரிசையில் ஓட்டை இல்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார். போன பொருள் வந்துவிட்டது, இனி யாருக்கு என்ன குறை என்று முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல டீக்கடையில் போய் நின்றார்.

ஆனால் மண்டோர் மாணிக்கம் அந்த வரிசையை வேறு மாதிரி படித்தார். போலீஸ் என்றதும் செடி திரும்பி வந்திருக்கிறது. பதமாக, ஆழம் பார்த்து, தண்ணீர் விட்டு நட்டிருக்கிறது. திருடியவன் பயந்துபோய்த் திருப்பி வைத்திருக்கிறான், அவன் நம் ஆறு பேரில் ஒருவன். அவர் ஆபீசருக்கு ஆள் அனுப்பிவிட்டு நேரே லயனுக்கு நடந்தார். சேதுபதியின் அறைக்குப் பின்னால் அரசாங்கத்து டப்பாக்கள் பதினாறு, ஒவ்வொன்றிலும் விரலளவு கோழிக்கொண்டைக் கன்று.

அன்று மதியம் ஆறு பேரையும் வேலையாட்களின் ஆபீசான டிப்போவுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஆபீசர். மேசை மேல் ஒரு டப்பா. எல்லோரும் பேசியது மலாயில்தான்.

"இது யாருடையது?"

"நான் போட்டதுங்க" என்றார் சேதுபதி. "உதிர்ந்த விதை. டப்பா, லாரிக்காரன் தூக்கிப் போட்டது. செடி எதையும் நான் தொடல. வடிவேலு அண்ணனைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்."

ஆபீசர் திரும்பினார். வடிவேலு முன்னால் வந்து நின்றார். "ஆமாங்க. விதையிலேருந்துதான் வளர்த்தாரு. நான் என் கண்ணால பார்த்தேன். இவரு எடுக்கிற ஆள் இல்லை. இருபது வருஷமாத் தெரியும்."

அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. சேதுபதியின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

"சரி" என்றார் ஆபீசர். "அப்படியானால் அந்தப் பதினோரு செடியைத் திருப்பி வைத்தது யார்?"

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வடிவேலுவுக்கு அந்தத் துணி காயும் இடமும், ஈரச் சாக்கைச் சுற்றும் அந்தக் கைகளும், சேலைக்குள் லேசாகத் தெரியும் வயிறும் கண்ணில் நின்றன. நான்தான் என்று சொன்னால் எங்கிருந்து எடுத்தாய் என்பார்கள். நானே திருடினேன் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த யோசனை அவருக்கு வராமல் இல்லை. வேலை போகும், லயன் அறை போகும், விஷயம் மகள் காதுக்கு எட்டும், அவள் ஓடி வந்து உண்மையைச் சொல்வாள். எந்தப் பக்கம் போனாலும் அது செலிகி ரோட்டில் போய்த்தான் நின்றது.

"தெரியாதுங்க" என்றார்.

சேதுபதி மேல் போலீஸ் வழக்குப் போடவில்லை. அரசாங்கப் பொருளை வீட்டில் வைத்திருந்ததாக எழுதி வேலையை மட்டும் எடுத்தார்கள். பர்மிட் ரத்தாகி, மே மாதத்துக்குள் கிளம்ப வேண்டும் என்று காகிதம் வந்தது. வடிவேலு மண்டோர் வீட்டுக்கு மூன்று தடவை போனார். ஒவ்வொரு தடவையும், ஒருவன் கையால் விதை போட்டதற்காக அவனை அனுப்புவது நியாயமா என்றுதான் கேட்டார். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. குழந்தை பிறக்கட்டும், பிறந்த மறுநாளே போய்ச் சொல்லிவிடுவேன், அதற்குள் கப்பல் தள்ளிப் போகும், ஏதாவது நடக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு அந்த ஒரு மாதத்தைக் கழித்தார். மங்களத்திடம், சித்தப்பாவுக்கு ஊரில் ஆள் குறைச்சலாம், குடும்பத்தோடு இருக்கப் போகிறார் என்று சொல்லி வைத்தார். சேதுபதியும் கர்ப்பிணிப் பெண்ணிடம் வேறு எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. விடைபெறப் போனபோது அவளுக்குப் பிடித்த நெய்யுருண்டை செய்து எடுத்துப் போனார்.

கப்பல் எதுவும் தள்ளிப் போகவில்லை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நீல அட்டைக்காரர்கள் இருநூறு பேருக்கு மேல் டிரங்குப் பெட்டிகளோடு நின்றார்கள். பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். சேதுபதியின் பெட்டியை வடிவேலு தூக்கி வந்தார். வரிசை நகர்ந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சேது."

"சொல்லுங்கண்ணே."

"நான் ஒண்ணு..."

சேதுபதி அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அன்னைக்கு ஆறு பேர்ல எனக்காக வாயைத் திறந்தது நீங்க ஒருத்தர்தான். அந்த மேசைக்கு முன்னால நீங்க நின்னு பேசினதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து, அத்தனை பேர் பார்க்க, வடிவேலுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வடிவேலு நின்ற இடத்திலேயே நின்றார். கப்பல் கண்ணை விட்டு மறைந்து, துறைமுகத்து ஆள் வந்து, வெளியே போங்க அண்ணே என்று சொல்லும் வரைக்கும் நின்றார்.

ஜூலையில் மங்களத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கண்மணி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்று மங்களம், "சித்தப்பா இருந்திருந்தா இன்னைக்குச் சமையலே வேற மாதிரி இருந்திருக்கும்" என்றாள். வடிவேலு இலையில் இருந்ததைச் சாப்பிட முடியாமல் எழுந்துபோனார்.

மறுநாளே டிப்போவுக்குப் போய் ஆபீசர் முன்னால் நின்றார். எடுத்தது என் வீட்டு ஆள்தான், திருப்பி வைத்தது நான்தான், என்னை எது வேண்டுமானாலும் செய்யுங்கள், அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றார். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரை வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

"அவர் போய்விட்டார். பர்மிட் இல்லாதவரை நான் எப்படிக் கூப்பிடுவது? அது என் கையில் இல்லை. அந்தக் கோப்பையும் மூடியாகிவிட்டது." பிறகு, "வேலைக்குப் போ" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்கவில்லை. தண்டனைக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனவர், வெறுங்கையோடு வெயிலில் வந்து நின்றார்.

அதன் பிறகு அவருக்குச் செய்ய இருந்தது ஒன்றுதான். தேக்காவில் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போகவில்லை. மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்தை வைத்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தானே எழுதினார். எதையும் மறைக்கவில்லை. மகள் எடுத்தது, தான் திருப்பி வைத்தது, மேசைக்கு முன்னால் தெரியாது என்றது, துறைமுகத்தில் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் எழுதினார். மன்னிப்பு என்ற சொல்லை எழுதிவிட்டு, அதைக் கேட்கத் தனக்குத் தகுதியில்லை என்று அடித்துவிட்டார்.

பதில் தை மாதம் வந்தது. ஒரே ஒரு பக்கம்.

"அண்ணனுக்குச் சேதுபதி எழுதுவது. கடிதம் கிடைத்தது. மங்களத்துக்குக் குழந்தை பிறந்ததில் சந்தோஷம். அது நன்றாக இருக்கட்டும். அந்தப் பெண் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழியை நானே ஏற்றுக்கொண்டு போயிருப்பேன். அவள் எனக்கும் மகள்தான். நீங்கள் என்னை நம்பவில்லை. இங்கே என் பையன்களுக்கு என்னைத் தெரியவில்லை. வீட்டில் விருந்தாளி மாதிரி இருக்கிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். துறைமுகத்தில் உங்கள் காலில் விழுந்து நன்றி சொன்னேனே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இனி எழுத வேண்டாம்."

வடிவேலு அதைப் படித்து முடித்துவிட்டு, பக்கத்து அறையின் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு திருப்பி முதல் வரியில் இருந்து படித்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. அவர் சொல்லாமல் லீவு எடுத்தது அதுதான் முதல் தடவை.

கண்மணிக்கு ஒரு வயது நிறைந்தபோது, மங்களம் குழந்தையின் போட்டோவைச் சித்தப்பாவுக்கு அனுப்ப விலாசம் கேட்டாள். இன்னொரு பொய் சொல்ல அவரிடம் தெம்பு இல்லை. கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அவள் நின்றபடியே படித்தாள். படித்து முடித்ததும் குழந்தையை இறக்கிப் பாயில் விட்டாள்.

"என்னை எதுக்குப்பா கேட்கல?"

"உனக்கு ஏதாவது ஆயிடும்னு..."

"நான் போய்ச் சொல்லியிருப்பேன். அந்த ஆபீசர்கிட்ட, கரண்டியோட போய் நின்னிருப்பேன். ஒரு வயித்துப் பிள்ளைக்காரிய என்ன பண்ணியிருப்பாங்க? திட்டியிருப்பாங்க. அவ்வளவுதானே." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்காகன்னு சொல்லி என் சித்தப்பாவை அனுப்பிட்டீங்க. அந்தக் கடனை நான் இப்ப யார்கிட்டப் போய்த் தீர்க்கறது?"

அவள் அப்பாவிடம் பேசாமல் இருந்துவிடவில்லை. வந்தால் காப்பி கொடுத்தாள், சோறு போட்டாள், குழந்தையை மடியில் விட்டாள். ஆனால் "வாங்கப்பா, ஒண்ணு காட்டறேன்" என்று பழையபடி கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அந்த மாதமே மங்களம் சேதுபதிக்குத் தானாக ஒரு கடிதம் எழுதி, போட்டோவை உள்ளே வைத்து அனுப்பினாள். பதில் வரவில்லை. தீபாவளிக்கு இன்னொன்று எழுதினாள். அதற்கும் வரவில்லை. எழுதுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

1969 கடைசியில் வடிவேலு கிராஞ்சிப் பக்கம் இருந்த நாற்றங்காலுக்கு மாற்றல் கேட்டார். விடியற்காலையில் லாரியில் ஏறி, வெகுதூரம் போய், சாயங்காலம் முதுகு வலியோடு திரும்ப வேண்டிய இடம். வயசான ஆள் கேட்டு வாங்குகிற வேலை இல்லை அது.

"இங்கே என்ன குறைச்சல், ஏன் அவ்வளவு தூரம்?" என்று மண்டோர் மாணிக்கம் கேட்டார்.

"அங்கே என்னைத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை" என்றார் வடிவேலு.